மூன்று இருபது

சட்டப்படி சொல்லத்தான் வேண்டுமாம்.
ஏஜென்ட் பிள்ளை சொன்னாள்,
பேனா மூடியைக் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி.
வாடகை எவ்வளவு என்றேன்.

நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன்
கோதுமை வெட்டி முடிந்த கிழமை
மேர்வின் ஷில்கே என்பவன்
மனுசியையும் இரண்டு பெடியன்களையும்
நித்திரையில் சுட்டுவிட்டு
மாடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டான்.
பிறகு தன்னை.
தொட்டி நிரம்பி
ஒழுங்கை வரை ஓடியதைக் கண்டுதான்
பக்கத்துக் காணிக்காரன் வந்தானாம்.

விக்டோரியாவின் இந்த மேற்கு மூலையில்
வேறு கதை இல்லை.
ஒரு தானியக் களஞ்சியம், ஒரு பேக்கரி,
ஒரு இறைச்சி ஆலை, ஒரு கொலைவீடு.
கடைசியில் நான் இருக்கிறேன்.

வெள்ளி இரவில் மெல்பேர்னிலிருந்து வான் வரும்.
ஆளுக்கு அறுபத்தைந்து டொலர், டோர்ச் இலவசம்.
தொப்பிக்காரன் குரலைத் தாழ்த்துவான்:
டோரீன் ஷில்கே இன்னும் போகவில்லை.
சரியாக மூன்று இருபதுக்குக்
குசினியில் வெளிச்சம் வரும்.
பைப் திறபடும். ஓடும், ஓடும்.
கையில் பட்ட பிள்ளைகளின் இரத்தத்தை
அவள் கழுவி முடிப்பதே இல்லை.

எனக்கு ஷிஃப்ட் முடிவது இரண்டரைக்கு.
செம்மறி. இரவொன்றுக்கு மூவாயிரம்.
நான் நிற்பது குடல் பிரிக்கும் இடம்.
கையுறை இரண்டு சோடி போட்டாலும்
கொழுப்பு உள்ளே வந்துவிடும்.
சப்பாத்தை வாசலில் கழற்றி
வலைத்தொப்பியை எறிந்துவிட்டு
முழங்கை வரை சவுக்காரம் போடுவேன்.
எத்தனை மணி என்று பார்த்ததில்லை.
அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பேக்கரிச் சுவரில் என் படம் ஒட்டியிருக்கிறது.
கண்ணாடிக்கு அப்பால், மங்கலாய், அவிழ்ந்த கூந்தலோடு.
கீழே "டோரீன்".
கொஞ்சம் மெலிந்துதான் தெரிகிறேன்.
பாண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பயமில்லையா என்று வேலையிடத்தில் கேட்டார்கள்.
ஆள் செத்த வீடுகளை விலக்கித் தேடினால்
நான் வெளிக்கிட்ட ஊரில் மரத்தடிதான் மிஞ்சும்.
மரத்தடியையும் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

ஆவணிக் குளிரில், பகலில், ஒருத்தி வந்தாள்.
அறுபது வயதிருக்கும். கோட்டுப் பொக்கெற்றுக்குள் இரண்டு கையும்.
லின்னெட்.
அன்றிரவு பியானோ சோதினைக்கென்று ஹோர்ஷம் போய்
மாமி வீட்டில் படுத்தவள்.
எந்த டோர்ச்சும் இவளில் பட்டதில்லை.

"அம்மாவுக்குக் கூந்தலே இல்லை.
கட்டையாய் வெட்டிச் சுருட்டியிருப்பாள்.
வெள்ளை உடுக்கமாட்டாள், ஊத்தை தெரியுமென்று.
சட்டி பானையை ஊறவிட்டுப் படுக்கிறவள்.
மூன்று மணிக்கு எழும்பிக் கழுவுவாளா?"
சிரித்தாள்.
பிறகு, சாமான் அறையைத் திறக்கலாமா என்றாள்.

அரிசி மூட்டையை நகர்த்தினேன்.
கதவு நிலையில் பென்சில் கோடுகள்.
காலின். ராஸ். லின்னெட்.
மாதம், வருஷம், அங்குலம்.
ஏழின் வயிற்றில் குறுக்குக் கோடு கிழித்து
அவ்வளவு ஒழுங்கான எழுத்து.
"அப்பாவுடையது" என்றாள்.
"அசையாதே என்பார். தலையில் புத்தகத்தை வைத்து
மெதுவாய், நோகாமல்..."
முடிக்கவில்லை.
ஐந்து மாதமாய் அந்த எழுத்துக்கு முன்னால்தான்
நான் அரிசி அளந்திருக்கிறேன்.

தேத்தண்ணி ஆறிப்போனது.
போகும்போது, அழித்துவிடவா என்று கேட்டேன்.
தெரியாது என்றாள்.
கார் கனநேரம் வெளிக்கிடவில்லை.

அந்த வெள்ளி, வான் வந்து நின்றது கேட்டது.
லைட்டைப் போடவில்லை.
சவுக்காரத்தைத் தடவி எடுத்து
வழக்கத்தைவிடக் கெதியாய்க் கழுவினேன்.
வீதியில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.
யாரோ "உஷ்" என்றார்கள்.

காலையில் பேக்கரியில் புதுக்கதை:
இப்போதெல்லாம் அவள்
இருட்டிலும் கழுவுகிறாளாம்.