சீப்புச் சின்னம்

சீப்புக்கு விழுந்தது நானூற்றுப் பன்னிரண்டு.
ஏழாம் பூத்தில் ஒன்பது.
எங்கள் வீட்டில் மட்டும்
பதினொரு ஓட்டு.
யாரென்று நான் கேட்கவில்லை.
ராத்திரி சாப்பிடும்போது
எல்லோரும் தட்டையே பார்த்தார்கள்.

மிச்ச நோட்டீசில்
இருளாயி அக்கா வடை மடிக்கிறாள்;
என் நெற்றியில் எண்ணெய்.

செல்லூர்ச் சுவர்களில்
சின்னத்தை அழிக்க
சுண்ணாம்பு வாளியோடு போனோம்,
நானும் ஜெய்லானியும்.
கேரியரில் அந்த நோட்டு:
ஓட்டுக் கேட்ட வாசல்களில்
எங்களிடம் கேட்டதையெல்லாம் எழுதியது.
மூணாவது சந்து, குழாயில் காத்து.
விதவைப் பென்சன், எட்டு மாசம்.
கண்மாய்த் தண்ணி, கட்டில் வரைக்கும்.

மட்டை உரசும் சத்தத்தில்
கதவு திறந்தது.
"ஒனக்குப் போடலத்தா.
சாக்கடை இன்னும்
அடைச்சுத்தான் கெடக்கு."

இத்தனை நாளில்
பொய் சொல்லாத முதல் ஆள்.

சுண்ணாம்புக் கையைப்
புடவையில் துடைத்துவிட்டு,
"கதவு நம்பர் என்னக்கா?" என்றேன்.