நான் என்று சொல்கிறவள்

சலவைத்துணி ஏற்றும் லிஃப்ட்டில்
மூவரையும் தனித்தனியே மேலே கொண்டுபோனேன்.
முன்வாசலில் நிருபர்கள்.
இஸ்தான்புல்லில் ரகசியத்தின் ஆயுள்
இந்தக் கரையில் கிளம்பிய படகு
அந்தக் கரை சேரும் வரைதான்.

தெர்சானே கழகத்துக்குப் பத்து ஆண்டில்
இவர் பதினோராவது பயிற்சியாளர்,
யாராக இருந்தாலும்.
அத்தனை பேருக்கும் நானே வாய்.
வந்த அன்று வெற்றி என்றதும் நான்,
போன அன்று நன்றி என்றதும் நான்.
தொழிலில் ஒரே விதி:
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது.
அவர் நான் என்றால்
நானும் நான் என்க வேண்டும்.

எனவே காலை பத்து மணிக்கு
நான் போர்த்துகீசியன், அமாதேயு கின்டெலா.
இரண்டு கோப்பை, ஒரு மணமுறிவு.
அந்த லெஃப்ட் பேக்கை விற்றால்
அக்டோபரில் மூட்டை கட்டிவிடுவேன் என்றேன்,
தேநீரில் சர்க்கரை கரையுமுன்.
தலைவர் ருக்னெத்தின் சிரித்தார்.
விற்றாயிற்று என்பது எனக்குத் தெரியும்.
போர்த்துகீசியனாக எனக்குத் தெரியாது.

மதியம் நான் ஆஸ்திரியாக்காரன்,
லாம்பெர்ட் என்று பெயர்.
மைதானத்தைப் பதினெட்டுக் கட்டமாக அறுத்து
மேசைமேல் வைத்தேன்.
பதினான்காவதில்தான் உங்கள் பந்து சாகிறது என்றேன்.
பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
சாவின் செலவு எவ்வளவு என்று கேட்டார்.
அதற்கும் ஓர் எண் வைத்திருந்தேன்.

மூன்றாமவருக்கு நேரமாகிவிட்டது.
உருகுவேக்காரர், எல்பியோ லரால்தே.
லிஃப்ட்டில் துண்டுக் குவியல்மேல் கை வைத்து
‘இன்னும் சூடு ஆறவில்லை’ என்றார்.
அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

கேள்வி மூவருக்கும் ஒன்றே:
எதிரணி இரண்டு கோல் முன்னால்,
மிச்சம் இருபது நிமிடம்,
என்ன செய்வீர்கள்?
காலையில் நான், பாய்வேன் என்றிருந்தேன்.
மதியம் நான், பொறுப்பேன் என்றிருந்தேன்.
இப்போது நான் சன்னலைப் பார்த்தேன்,
அவர் பார்த்ததால்.
நீரிணையில் ஓர் எண்ணெய்க் கப்பல்
திரும்பிக்கொண்டிருந்தது.
அது திரும்பி முடியும் வரை அவர் பேசவில்லை.
நானும் அதே நீளத்துக்குப் பேசாதிருந்தேன்.
பொருளாளர் என்னைப் பார்த்தார்,
பாதியை விழுங்கிவிட்டேனோ என்பதுபோல.

பிறகு சொன்னோம்:
‘அந்த இருபது நிமிடத்தின் வேலையை
செவ்வாய்க்கிழமையே செய்திருக்க வேண்டும்.
ஆனாலும் தோற்போம்,
சில நாள்.’

யார் தோற்போம்?
கீழே காரில் காத்திருக்கும்
அவருடைய இரண்டு உதவியாளர்களும் அவருமா?
இந்த அறையும் சேர்த்தா,
ருக்னெத்தின், பொருளாளர்,
தட்டோடு கதவருகே நிற்கும் பையன் உட்பட?
அவர் மொழியிலும் சரி, எங்கள் மொழியிலும் சரி,
அதற்கு ஒரே சொல்.
உள்ளே யார், வெளியே யார் என்று
அது காட்டிக்கொடுக்காது.

சொல்லை மாற்றவில்லை நான்.
சொல்லும்போது கையால்
மேசையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
அந்த வட்டம் அவருடையதல்ல.
இருபத்தாறு வருடத் தொழிலில்
முதல் திருட்டு.
ருக்னெத்தின் வட்டத்தைப் பார்த்தார்.
பையன்கூடப் பார்த்தான்.

இரவு பதினொன்றுக்குக் கையெழுத்தானது.

டாக்சிக்காரரின் கண்ணாடியில்
தெர்சானேயின் நீலப் பட்டை ஆடிக்கொண்டிருந்தது.
‘ஓட்டலிலிருந்து வருகிறீர்கள்,
உங்களுக்குத் தெரியாமலா? யார் வருவது?’
நான் என்று நாக்கு நுனி வரை வந்தது.
‘எவன் வந்தால் என்ன,
அந்த லெஃப்ட் பேக்கை மட்டும்
விற்காமலிருந்தால் போதும்’ என்றார்.

சன்னலைப் பார்த்தேன்.
பாலத்தடியில் கப்பல் ஏதுமில்லை.
அது திரும்பி முடியும் வரை
நான் பேசவில்லை.