வடக்கு ஜன்னல்

(வட நார்வே, ஹெல்வார் தீவு, 1913)

முதல்முதலாக நீ வந்த அன்று
பையிலிருந்து எடுத்தது மருந்தல்ல,
சுத்தியல்.
ஆணி பிடுங்கக் கொம்பு வைத்த சுத்தியல்.
காலணிப் பனியை வாசலில் உதறினாய்.
என் பெயரைக் கேட்கும் முன்பே
படுக்கைகளை எண்ணினாய்: இரண்டு.
தலைகளை எண்ணினாய்: ஏழு.
பிறகு ஜன்னலருகே போய்
அக்டோபரில் என் புருஷன் அடித்த ஆணிகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாய்.

இங்கே குளிர்காலத்தில்
யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை, சிஸ்டர் ஓலியான்னா.
இடுக்கில் பாசி அடைத்து
அதன்மேல் பழைய செய்தித்தாள் ஒட்டி
பலகை அறைந்துவிட்டு
மே மாதம்வரை
ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக் கிடப்போம்.
மரமில்லாத தீவு இது.
எரிக்கும் சதுப்புக்கட்டி ஒவ்வொன்றும்
கோடையில் நான் குனிந்து வெட்டியது.
என் முதுகைத்தான் நீ வெளியே திறந்துவிட்டாய்.

உன்னைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தோம்.
நகரத்துச் சீமாட்டிகள்
பூவேலை செய்த மேஜைவிரிப்புகளைக் குலுக்கலில் விற்று
அந்தக் காசில் உன்னை அனுப்பினார்களாம்.
மேஜைவிரிப்புக்கு மாற்றாக வந்தவள் என்று
மீன் குடலெடுக்கும் கொட்டகையில்
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.

"தோமினே தனியாகப் படுக்கட்டும்.
தனிக் கோப்பை, தனிக் கரண்டி.
துப்புவதை இந்த நீலக் குப்பியில் துப்பட்டும்."
சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.
ஒரே சட்டி, சுற்றி ஏழு கரண்டி.
குடும்பம் என்பதற்கு
எங்களிடம் வேறு சொல் இல்லை.
பதினான்கு வயதுப் பெண்ணிடம்
எந்த வாயால் சொல்வேன்,
இனி உன் கரண்டி அது என்று?

அன்று மாலையே
வளைந்த ஆணிகளை அடுப்புக்கல்லில் தட்டி நிமிர்த்தி
மறுபடி அறைந்தேன்.
வியாழக்கிழமை வந்தாய். பிடுங்கினாய்.
அறைந்தேன்.
பிடுங்கினாய்.
நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான்
அந்த ஜனவரி முழுவதும்.

சுத்தியலைவிட
உன் கறுப்பு நோட்டுக்குத்தான் பயந்தேன்.
அதில் ஏறிய பெயர் டாக்டருக்குப் போகும்,
டாக்டரிடமிருந்து நகரத்துக்கு.
நகரத்திலிருந்து ஒரு படகு வரும்.
"எழுதாதே" என்றேன்.
உலர்ந்த மீன் ஒரு கட்டு கொடுத்தேன்.
மீனை வாங்கிக்கொண்டாய்.
எழுதவும் செய்தாய்.

ஐந்தாம் முறை ஆணி முறிந்தது.
நீ முறிந்த பாதியைப் பார்த்தாய்,
நான் உன் கையைப் பார்த்தேன்.
துடுப்பு வலித்த கொப்புளம் உடைந்து
உள்ளங்கை முழுக்க ஈரம்.
படகுக்காரனுக்குக் கொடுக்க
மேஜைவிரிப்புக் காசு போதவில்லை போலிருக்கிறது.
இருந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி
உன் பக்கம் தள்ளினேன்.
வேறு ஆணி தேடவில்லை.

மார்ச்சில் படகு வந்தது.
தோமினே கரண்டியை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.
"இது என்னுடையதுதானே" என்றாள்.

மிச்சம் நான்கு பிள்ளைகளும் இருமவில்லை.
அதை யார் கணக்கில் எழுதுவது?
பாதிரியார் ஒன்று சொல்கிறார்,
உன் நோட்டு வேறொன்று சொல்கிறது.

இப்போது நானும் சங்கத்தில் உறுப்பினர்.
உன் சம்பளத்தில்
நான் பின்னிய இரண்டு ஜோடிக் காலுறை இருக்கிறது.
அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு:
இனிமேல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா.

நேற்றுத் தட்டினாய்.
தெற்கு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது.
வடக்கு ஜன்னலில் நான்கு ஆணி, புதுசு.
பார்த்தாய்.
சுத்தியல் பையில்தான் இருந்தது.
"அந்தப் பக்கக் காற்று ஆளைக் கொல்லும்,
அது அப்படியே இருக்கட்டும்" என்று உட்கார்ந்தாய்.
காபி ஊற்றினேன்.
நோட்டைத் திறந்தாய்.
எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியும், சிஸ்டர்.
தோமினே பெயருக்கு நேரே
கடைசிக் கட்டம் காலி.
நான் பார்ப்பதைப் பார்த்தாய்.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
ஆறும் முன்னே காபியைக் குடித்தாய்.