எழுபது வாட்

ஹட்டனில் ஏசி எதற்கென்று கேட்காதீர்கள்.
இரும்புக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
ஜன்னல் திறக்காத கல்யாண மண்டபம்.
அறுநூறு பேர், பட்டு, சோற்று அண்டா,
வீடியோக்காரனின் விளக்கு.
ஸ்வெட்டரோடு படியேறி வந்தவர்கள்
அழைப்பிதழால் விசிறிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை கம்ப்ரசர் செத்தது.
ஞாயிறு ஒன்பதே காலுக்கு முகூர்த்தம்.

கிரேன் நுழையாத சந்து.
சந்தை நாட்டாமிகள் நாலு பேர்
கோவா மூட்டை சுமக்கும் தோளில்
கயிற்றுத் தொட்டில் கட்டிப் புதியதை ஏற்றினார்கள்,
படிக்கு ஒரு கெட்ட வார்த்தை வீதம்.
மொட்டைமாடியில் இறக்கியதும்
"பிள்ளை பத்திரம்" என்றார் ரிஸ்மி நானா.

பழையதன் எண்ணெயைத் தகரத்தில் வடித்தேன்.
கரி. மூக்கைச் சுடும் புளிப்பு.
"கரண்ட் கூடிப் போச்சாண்ணே?" என்றான் பெனடிக்.
மூன்று பேஸையும் அளந்தேன், சரி.
கண்டாக்டர் முனைகள், சரி.
ஃபேன், சரி.
அடியில் டார்ச் அடித்தேன்.

கம்ப்ரசரின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை,
எழுபது வாட் ஹீட்டர்.
மெஷின் தூங்கும் இரவில் கேஸ்
எது அதிகம் குளிர்ந்ததோ அங்கே போய் ஒதுங்கும்,
நீராகி எண்ணெயில் கரைந்து கிடக்கும்.
காலையில் சுவிட்சைப் போட்டால்
எண்ணெய் நுரைத்துக் கிளம்பிவிடும்,
பேரிங் வறண்டு சுழலும்.
அதைத் தடுக்கத்தான் இந்தச் சின்னச் சூடு.
கொழும்பில் இது இல்லாமலும் ஓட்டிவிடலாம்.
இங்கே ஜனவரியில் டாங்கித் தண்ணீர் கையை அறுக்கும்.

பட்டையின் வயர் வெட்டப்பட்டிருந்தது.
முனையை மடித்து நீல டேப், மூன்று சுற்று;
கடைசிச் சுற்றில் மட்டும்
பிறகு உரிப்பதற்கு ஒரு காது விட்டு.

அந்தக் காதை எனக்குத் தெரியும்.

கரண்ட் பில் மூன்று மடங்கான வருடம்.
"மண்டபம் பூட்டிக் கிடக்குது, மீட்டர் சுத்துது.
எது தின்னுதுன்னு பாருங்க" என்றார்
மெனேஜர் விஜேகோன்.
பார்த்தேன். வெட்டினேன்.
பிளேன்டீயும் ஐநூறு ரூபாயும் கிடைத்தது.

"யாரு வேலைண்ணே இது?"
"மிஸ்ட் வருது, குழாயை மூடு" என்றேன்.

நிஜமாகவே வந்தது, டிக்கோயாப் பக்கமிருந்து,
தகரக் கூரைகளை ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டு.
திறந்த செம்புக் குழாய்க்குள் ஒரு மூச்சு ஈரம் போனாலும்
புது எண்ணெயும் புளிக்கும்.
ரப்பர் மூடி, அதன் மேல் பொலித்தீன், அதன் மேல் என் ரெயின்கோட்.
படங்கின் கீழே குந்தியிருந்து பற்றவைத்தோம்.
சுடரின் ஓரம் பச்சையாக,
வெள்ளிக் கம்பி உருகி இணைப்பைச் சுற்றி ஓடி நின்றது.
வேக்கம் பம்ப் ஐந்து மணியிலிருந்து எட்டு வரை
பொறுமையில்லாத கிழவன் மாதிரி இருமிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் டேப்பைக் காதைப் பிடித்து உரித்தேன்.
ஒரே இழுப்பில் வந்தது. நல்ல வேலை.

புது முனை வைத்து ஹீட்டரை இணைத்து
மெயினை மட்டும் போட்டேன்.
"ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார் விஜேகோன்.
"ராத்திரி முழுக்க வயிறு சுடணும் சேர். காலையிலதான்."
"குளிர் மெஷினுக்கா?"
"குளிர் மெஷினுக்குத்தான்."

பாதி கட்டிய மணவறைக்குப் பக்கத்தில்
நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம்.
ரெண்டு மணிக்கு எழுந்து மேலே போய்த் தொட்டேன்.
இரும்பில் கைச்சூடு.
உள்ளங்கையை எடுக்க மனமில்லாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
குளிரும்தான் ஒரு காரணம்.

காலையில் ஓடியது.
பதினேழு, பதினேழு, பதினெட்டு ஆம்பியர்.
ஒன்பது மணிக்குப் பெண் வீட்டு அத்தை ஒருத்தி
மல்லிகைச் சரத்தோடு என்னைத் தேடி வந்தாள்:
"ஏசிக்காரர் நீங்களா? நடுங்குது, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

பிரேக்கர் பெட்டியில் மார்க்கரால் எழுதினேன்:
இதை எப்போதும் அணைக்கக் கூடாது.
பெனடிக் கீழே சிங்களத்தில் எழுதினான்.

ரிப்போர்ட்டில் பழுதின் காரணத்துக்கு
மூன்று வார்த்தை அகலத்தில் ஒரு கட்டம்.
ஹீட்டர் வயர் துண்டிப்பு.
பக்கத்துக் கட்டத்தில் பெயர் எழுத வேண்டும்.
ப. தவசீலன்.
கார்பன் பிரதி மூன்றிலும் விழும்படி
அழுத்தி எழுதினேன்.