ஏழாவது பூச்சு

எங்கள் பள்ளிச் சுவரில்
செங்கல்லைவிடச் சாயம்தான் கனம்.
ஒவ்வொரு ஜூலையும் ஒரு வேன் வரும்.
ஒரே நிறப் பனியனில் பதினான்கு பிள்ளைகள் இறங்கி
மூச்சு வாங்கிக்கொண்டே தூரிகை எடுப்பார்கள்.
என் தம்பி சத்தூர்னினோ நகத்தால் சுரண்டி எண்ணினான்:
நீலம், மஞ்சள், மறுபடி நீலம்,
ஒரு கொடுமையான இளஞ்சிவப்பு,
அதற்கடியில் யாருடைய உள்ளங்கையோ,
ஐந்து விரலும் பச்சையாக.

கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.
கூரைமேல் ஏற அவர்களுக்குக் காப்பீடு இல்லையாம்.

ஏழாவது பூச்சு வந்த வருடம்
யோரிஸை எங்கள் வீட்டுக்கு ஒதுக்கினார்கள்.
நெதர்லாந்து. கடல் மட்டத்துக்கும் கீழே வீடு என்றான்.
பதினாறு வயது. என்னைவிட மூன்று மாதம் மூத்தவன்,
இரண்டு சாண் உயரம்.
நாங்கள் இருப்பது நாலாயிரம் மீட்டர் மேலே.
வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

அம்மா கெச்சுவாவில் கேட்டு
நான் ஸ்பானியத்தில் மாற்றிச் சொன்ன முதல் கேள்வி:
"எத்தனை நாள் இருப்பாய்?"
பன்னிரண்டு என்று காட்டினான், விரல் போதாமல்.

மூன்று நாள் படுக்கை.
முன்யா இலை போட்ட வெந்நீர்,
ஆட்டுத்தோல் போர்வை,
நடுராத்திரியில் வாளியோடு நான்.
தொண்டு செய்ய வந்தவனுக்குத்
தொண்டு செய்தே இடுப்பு ஒடிந்தது.
ஒவ்வொரு வாளிக்கும் "மன்னிக்கணும்" என்பான்.
அவனுக்குப் பிழையில்லாமல் வந்த ஒரே சொல் அது.

நாலாம் நாள் காலை தானாக எழுந்து வயலுக்கு வந்தான்.
நாங்கள் உருளைக்கிழங்கு மிதித்துக்கொண்டிருந்தோம்.
இரவெல்லாம் பனியில் உறைந்து, வெயில் பட்டு இளகி,
பாதத்தின் அடியில் நீரைக் கக்கும் கிழங்கு.
மிதித்துக் காயவைத்தால் சுன்யோ,
வருடக்கணக்கில் கெடாது.
யாரும் கூப்பிடவில்லை. பூட்ஸைக் கழற்றினான்.
அவன் போட்ட கூச்சலில்
எதிர்மேட்டு லாமாக்கள் தலை தூக்கின.
அம்மா சிரித்துச் சிரித்துக்
கிழங்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
அவன் மிதித்ததில் பாதி கூழ்.
பன்றிக்குப் போட்டோம்.
மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.
சுவரில் அவன் பங்கை யார் பூசினார்களோ.

போகும்போது அழுதான். வேன் முழுக்க அழுதது.
கையசைத்துக் கையசைத்துப் பழகிய எங்கள் குட்டிப் பிள்ளைகள்
அழகாகக் கையசைத்தார்கள்.
எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்,
பன்னிரண்டு நாளுக்கா இத்தனை கண்ணீர் என்று.

பிறகு மார்ச்.
வடக்குக் கரையில் ஆறு ஊருக்குள் புகுந்தது.
எங்கள் கடைசி வகுப்பு, ஒரு லாரி,
ஆறு மூட்டை சுன்யோ,
வாத்தியார் இரவல் வாங்கிய பதினோரு மண்வெட்டி.
இரண்டு இரவும் ஒரு பகலும்
இறங்கிக்கொண்டே இருந்தோம்.
காற்று கெட்டியாகி வாயில் ஒட்டியது.
கடலை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.
பழுப்பாக இருந்தது.

ஹெர்மெலிந்தாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு.
மேலே துருத்திக்கொண்டு ஒரு நாற்காலியின் முதுகு,
தையல் இயந்திரத்தின் சக்கரம்.
வாசலில் நின்றேன், நடக்கப் பழகியதிலிருந்து வயலில் கிடந்தவள்,
மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல்.
வெக்கையில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிற்று.
காய்ந்த துணி அவளிடம் ஒன்றுதான் இருந்தது,
அதை நீட்டினாள்.
நிழலில் உட்காரவைத்தாள்.
எலுமிச்சை பிழிந்த தண்ணீர் தந்தாள்,
அந்த ஊரில் அன்றைக்கு எங்கே கிடைத்ததோ.
"மன்னிக்கணும்" என்றேன்.
யோரிஸின் உச்சரிப்பில் வந்தது.

"எத்தனை நாள் இருப்பாய், பெண்ணே?"

நான்கு.
ஒரு கையிலேயே ஒரு விரல் மிச்சம்.
சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன்.
அவள் சேற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அந்த மூலையிலிருந்து ஆரம்பி" என்றாள்.
"சுவர்மேல் சாயாதே, ஊறிப்போயிருக்கிறது."