ஆறு மூலைக் கருப்பு

காக்கி புக்கிட். ஏழு மாடித் தொழிற்கூடம்.
பதினாறு கேமரா, ஒரு பழைய சர்வர்,
அதன் விசிறி இருமிக்கொண்டே இருக்கும் அறை.

திரையில் மஞ்சள் கோடு இழுக்கிறேன்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் வேலை,
அந்தப் பக்கம் எச்சரிக்கை.

ஜெயசீலனை நடக்கச் சொல்கிறேன்.
"இன்னொரு தடவை. மெதுவா. இப்ப ஓடு."
மனிதர், தொண்ணூற்றேழு சதவீதம் என்கிறது பெட்டி.
தவழ்ந்தான்: நாய்.
அட்டைப்பெட்டியைத் தலைமேல் தூக்கினான்:
மனிதர், ஐம்பத்திரண்டு.
மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தான்.
அவ்வளவுதான், ஆளே இல்லை.
குடை மட்டும் தானாக நடந்து
கோட்டைத் தாண்டிப் போயிற்று.

முதல் வாரம்
முந்நூற்றுப் பதினொரு எச்சரிக்கைகள்.
அகச்சிவப்பு விளக்குக்கு வந்த ஈசல்.
கண்ணாடியில் குடியேறி
லாரிகளின்மேல் பூதமாய் ஏறி இறங்கிய சிலந்தி.
சாக்கடையிலிருந்து வந்த உடும்பு ஒன்று
கோட்டின்மேலேயே படுத்துக்கொண்டு
தாண்டுவதா வேண்டாமா என்று
விடியும்வரை யோசித்தது.
நுண்ணுணர்வைக் குறைத்தேன்.
எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பது.
இதற்கும் கீழே போனால்
திருடனும் ஈசல்தான்.

ஒன்பதாம் கேமரா: சரக்கு மேடை.
ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
தவமணி அக்கா, பன்னிரண்டு மணி நேரக் காவல்.
மிஸ்டர் குவேக் கேட்ட விதி:
ஒரே இடத்தில் ஆள் பத்து நிமிடம் இருந்தால் மணி அடி.
திருடனுக்காகத்தான் கேட்டார்.
முதல் இரவில் மாட்டியது அக்கா,
இருபத்தாறு முறை.

காலையில் கோப்பி-ஓ பையை என் விரலில் மாட்டிவிட்டு
"உட்கார்றதும் குத்தமா தம்பி?" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

நாற்காலியைச் சுற்றி ஆறு மூலை வைத்தேன்.
உள்ளே கருப்பு நிரப்பினேன்.
"அது என்ன பொட்டு?" குவேக்.
"தூண்ல வெளிச்சம் பட்டு அடிக்குது, பாஸ்."
பெட்டி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.
பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொண்டது:
மறைப்பு ஒன்று. அமைத்தவர், நிர்வாகி.

ஏப்ரலில் ஓர் இரவு, மூன்று இருபதுக்கு,
ரோந்து முடித்து
அக்கா அந்தக் கருப்புக்குள் போனார்.
வெளியே வரவில்லை.
சர்க்கரை இறங்கியிருக்கிறது.
மூன்று ஐம்பத்தெட்டுக்கு
மீன் லாரி அஸ்மான் கையெழுத்துக் கேட்டு வரும்வரை
பதினாறு கண்ணும் விழித்துத்தான் இருந்தன.

பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.
முப்பத்தெட்டு நிமிடக் கருப்பு.
ஓரத்தில் ஒரே ஒருமுறை
ஈசல்.

சாங்கி மருத்துவமனைக்கு
ஆரஞ்சு வாங்கிப் போய், வாசலில் சந்தேகம் வந்து
நானே தின்றுவிட்டு மேலே ஏறினேன்.
"அத எடுத்துர்றேன்க்கா."
"எடுக்காத."
செவிலி வந்து, விரலைக் குத்தி, எண் குறித்துக்கொண்டு போனாள்.
"சப்பாத்து மட்டும் தெரியற மாதிரி வை."

இப்போது எட்டு மூலை. கீழே ஒரு சின்னத் திறப்பு,
அதில் இரண்டு காவல் சப்பாத்துகள்.
பத்து நிமிடம் அசையாவிட்டால்
செய்தி குவேக்குக்குப் போகாது. எனக்கு வரும்.

நேற்று இரண்டு நாற்பதுக்கு
ஈசூனில், என் தலையணைக்கடியில் அதிர்ந்தது.
படத்தில் இரண்டும் சேர்ந்து, நேராக,
அசைவில்லாமல்.
அழைத்தேன். ஐந்து முறை அடித்தது. ஆறு.
எழுந்து கால்சட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா இந்நேரத்துல?"
"சப்பாத்து அசையல."
"கடிக்குதுன்னு கழட்டி வச்சேன்."

கால் உள்ள சப்பாத்து, கால் இல்லாத சப்பாத்து,
இதற்கு எந்தப் பெட்டியிலும் விதி கிடையாது.
திரையைப் பார்த்தபடி நின்றேன்.
கருப்பிலிருந்து ஒரு வெறுங்கால் வந்தது,
வலது சப்பாத்தை
ஒரு விரற்கடை நகர்த்தியது,
உள்ளே போய்விட்டது.