தொட்டி சொல்லும் கணக்கு

எண்ணெய்க் கம்பெனி ஆட்களைக் கழித்துவிட்ட வருஷம்
லோவல் ட்ரஸ்கி நான்கு கழிப்பறைகள் வாங்கினான்.
நடமாடும் வகை. நீல பிளாஸ்டிக்.
ஐந்தாவது வந்தபோது என்னை லாரிக்கு வைத்தான்.
கருவாடு விற்ற காசு நாறாது என்றால்
இது மட்டும் நாறுமா?
சேஜ் ஃபோர்க் வங்கியில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

கல்யாணம், ரோடியோ, சாலை வேலை,
இரண்டு கட்சிகளின் கூட்டமும்.
எண்ணூறு பேர் என்று மேடையில் முழங்குவார்கள்.
மறுநாள் காலை குழாயை இறக்கிப் பார்த்து
"இருநூறு. அதில் பாதி பீர்" என்பான் லோவல்.
பத்திரிகைக்காரர்களுக்கு வராத கணக்கு.

வயோமிங்கில் ஜனவரி வந்தால்
தொட்டியில் ஊற்றிய உப்புத்தண்ணீரும் உறையும்,
தொழில் படுத்துவிடும்.
சட்டசபை அப்போதுதான் கூடும்.
"சும்மா இருக்கிற நேரம்தானே" என்று
மனு கொடுத்தான். அவ்வளவுதான் கொள்கை.
எதிராளி அடித்த நோட்டீஸில்
எங்கள் பதினேழாம் நம்பர், கதவு திறந்தபடி.
நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தான்.

ஷையனில் அவன் முதல் பேச்சு,
நெடுஞ்சாலை ஓய்விடத்தை மூடக்கூடாது என்று.
"லாரி ஓட்டுகிறவனுக்கும் வயிறு உண்டு."
சபை சிரித்தது. ஓய்விடம் பிழைத்தது.

ஆறாம் தடவை போனபோது நிதிக் குழுவில் நாற்காலி,
பெயர் பொறித்த பித்தளைத் தகடு.
அதே ஓய்விடம் பட்ஜெட்டில் வந்தது
நானூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு வரியாக,
வெட்டுகளின் கீழ்.
"ஆம்" என்றான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.
மறுவாரம் அவனே வந்தான்:
"அங்கே இரண்டு இறக்கிவிடு.
செவ்வாய்தோறும் சுத்தம் செய். பில் போடாதே."
மூன்று வருஷம். போக எழுபது மைல், வர எழுபது,
பனியிலும்.
கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'இதர'.
பரிகாரமா, பயமா,
குழாய் பிடித்த எனக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான்.

கடைசி ஆகஸ்டில் கோல்பி ரென் நின்றான்.
அதே கட்சி, முப்பத்தோரு வயசு.
வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு
எங்களிடமே ஆறு கேட்டான்.
ஊரில் வேறு யாரிடம் கேட்பான்?
லோவல் போனை என் கையிலிருந்து வாங்கினான்:
"வழக்கமான வாடகைதான். எட்டாக வைத்துக்கொள்."

சனிக்கிழமை அவனும் கூட வந்தான்.
மிதிபட்ட புல், பேப்பர் கப்புகள்,
யாரோ மறந்துபோன குழந்தைச் செருப்பு ஒன்று.
முதல் தொட்டியில் குழாயை இறக்கினான்.
அடுத்ததில். எட்டாவது வரைக்கும்
ஒன்றும் பேசவில்லை.
தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு
"நல்ல கூட்டம்" என்றான்.
நான் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன்.